அச்சிலேயே இரட்டிப்பா, அடிக்கும்போது நழுவியதா?

சேலம் லீ பஜாரில் மளிகை வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணும்போது, ஒரு ரூபாய் நாணயத்தில் ஆண்டு எண் இரண்டு முறை விழுந்ததுபோல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இலக்கத்தின் ஓரத்திலும் இன்னோர் இலக்கத்தின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று சொல்லும் காணொளிகள் கைப்பேசியில் ஓயாமல் வருவதால், புதிதாக நாணயம் சேகரிக்கத் தொடங்கியவர் அதைத் தனியே எடுத்து வைப்பது இயல்பு. ஆனால் அந்த நிழல் இரண்டு வெவ்வேறு காரணங்களால் தோன்றக்கூடும். ஒன்று சேகரிப்பாளர்கள் ‘டபுள்டு டை’ என்று அழைக்கும் அச்சு இரட்டிப்பு. மற்றொன்று ‘மெக்கானிக்கல் டபுளிங்’ என்னும் இயந்திர இரட்டிப்பு. முதலாவது அரிது, மதிப்புடையது. இரண்டாவது மிகவும் சாதாரணம். அதற்காக யாரும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. இரண்டையும் பிரித்தறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இரட்டிப்பு எப்போது நிகழ்ந்தது என்பதுதான். எழுத்து இரண்டாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

அந்தக் கேள்விக்கு விடை காண நாணயம் எப்படி உருவாகிறது என்று சிறிது தெரிந்திருக்க வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இது எளிது. செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகளில், மெல்லிய வெள்ளித் தகட்டை எஃகு அச்சின் மீது வைத்து அழுத்திப் பூவும் அரும்பும் எடுப்பதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். அச்சில் பள்ளமாக இருக்கும் பூ, தகட்டில் மேடாக எழும். நாணயமும் அப்படித்தான். நாணயத்தில் மேடாகத் தெரியும் எழுத்தும் உருவமும் அச்சில் பள்ளமாக, இடவலம் மாறி இருக்கும். முகத்துக்கு ஓர் அச்சும் பின்புறத்துக்கு ஓர் அச்சுமாக இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே ஒரு வெற்று வில்லையை வைத்துப் பல டன் அழுத்தத்தில் நசுக்கும்போது, ஒரே கணத்தில் இரு பக்கமும் பதிந்துவிடுகின்றன.

ஆனால் அந்த அச்சு எங்கிருந்து வருகிறது? நாணயச்சாலையில் ஒவ்வோர் அச்சையும் கையால் செதுக்குவதில்லை. நாணயத்தைப் போலவே மேடான எழுத்துகளைக் கொண்ட, கெட்டிப்படுத்தப்பட்ட எஃகுக் கருவி ஒன்று இருக்கும். அதற்கு ‘ஹப்’ என்று பெயர். மென்மையான எஃகுத் துண்டு ஒன்றில் இந்த ஹப்பை அழுத்தினால், எழுத்துகள் பள்ளமாகப் பதிந்து அந்தத் துண்டு அச்சாகிவிடும். பிறகு அதைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தி நாணயம் அடிக்க அனுப்புவார்கள். நெடுங்காலமாக இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே அழுத்தில் எழுத்துகள் வேண்டிய ஆழத்துக்குப் பதிவதில்லை. அழுத்தும்போதே எஃகு இறுகிப்போவதால், அரைகுறையாகப் பதிந்த துண்டை உலையில் வைத்துப் பதமாக்கி, மீண்டும் அதே ஹப்பின் கீழ் வைத்து இரண்டாவது முறை, தேவையானால் மூன்றாவது முறையும் அழுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் பழைய பதிவின் மீது ஹப் இம்மியும் பிசகாமல் அமர வேண்டும். மயிரிழை விலகி அமர்ந்தாலும் பழைய எழுத்தின் பள்ளம் ஓரிடத்திலும் புதிய எழுத்தின் பள்ளம் அதனருகிலுமாக, அச்சில் இரண்டு பதிவுகள் நிலைத்துவிடும். உண்மையான இரட்டிப்பு பிறக்கும் இடம் இதுவே. முதல் நாணயம் அடிக்கப்படுவதற்கு முன்பே அது எஃகில் இருக்கிறது; அந்த அச்சு தேய்ந்து கழிக்கப்படும் வரை அதிலிருந்து வரும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இரட்டிப்பு, அதே திசையில், அதே அளவில் இருக்கும்.

மழை ஓய்ந்த மறுநாள் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தின் ஈர மண்ணில் வெறுங்காலை ஊன்றி எடுத்து, அதே இடத்தில் சற்றே விலக்கி மறுபடி ஊன்றினால், இரண்டு பெருவிரல் தடங்கள் அருகருகே ஆழமாக விழும். அச்சு இரட்டிப்பு அத்தகையது. காலை ஒரு முறை மட்டும் ஊன்றிவிட்டு, எடுக்கும்போது வழுக்கினால் நடப்பது வேறு. அங்கே இரண்டாவது தடம் உருவாவதில்லை; இருந்த தடத்தின் விளிம்பு சரிந்து தட்டையாகத் தேய்க்கப்படுகிறது. இயந்திர இரட்டிப்பு இந்த வழுக்கல்தான்.

அது நிகழும் விதத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய நாணய அழுத்தப் பொறிகள் நிமிடத்துக்கு 700க்கும் மேற்பட்ட நாணயங்களை அடிக்கவல்லவை. அந்த வேகத்தில் அச்சைப் பிடித்திருக்கும் திருகோ தாங்கியோ சிறிது தளர்ந்தால், அழுத்தம் முடிந்து அச்சு நாணயத்தை விட்டு விலகும் நொடிப்பொழுதில் அது பக்கவாட்டில் அசைகிறது, அல்லது துள்ளி மறுபடியும் உரசுகிறது. அப்போதுதான் எழும்பி நிற்கும் எழுத்தின் ஒரு பக்கத்தை அச்சின் விளிம்பு கீழ்நோக்கி அமுக்கிவிடுகிறது. எழுத்தின் உடம்பிலிருந்தே உலோகம் தள்ளப்பட்டு, வெற்றுத்தளத்தை ஒட்டி ஒரு தட்டையான படி உண்டாகிறது. நாம் நிழல் என்று காண்பது அந்தப் படியைத்தான். அச்சில் எந்தக் குறையும் இல்லாததால், அதே பொறியிலிருந்து வரும் அடுத்த நாணயத்தில் இந்தப் படி அகலமாக இருக்கலாம், குறுகியிருக்கலாம், அறவே இல்லாமலும் போகலாம்.

இங்கிருந்துதான் எல்லாச் சோதனைகளிலும் முதன்மையானது கிடைக்கிறது. அச்சு இரட்டிப்பில் எழுத்தோடு உலோகம் கூடுகிறது. இயந்திர இரட்டிப்பில் எழுத்து தன் அகலத்தை இழக்கிறது. அச்சில் இரண்டு பள்ளங்கள் இருப்பதால் நாணயத்தில் இரண்டு மேடுகள் எழுகின்றன. ஆகவே உண்மையான இரட்டிப்புள்ள எழுத்து, அதே வகைச் சாதாரண நாணயத்தின் எழுத்தைவிடத் தடித்திருக்கும், அல்லது இரண்டு முழு எழுத்துகளாகவே பிரிந்து நிற்கும். இயந்திர இரட்டிப்பிலோ படியையும் சேர்த்து அளந்தால்தான் எழுத்தின் பழைய அகலம் வரும். படியை விட்டு மேல்முகத்தை மட்டும் பார்த்தால் எழுத்து மெலிந்திருக்கும். எனவே ஐயத்துக்குரிய நாணயத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. அதே ஆண்டு, அதே வகையைச் சேர்ந்த குறையற்ற நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஓர் எழுத்தின் மேல்முக அகலத்தை ஒப்பிட வேண்டும். தொடக்க நிலையினர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை எழுத்தின் முனைகள். இரண்டு பதிவுகள் விலகி விழுந்த அச்சில், கோடுகள் முடியும் இடத்தில் நாக்குப் பிளந்ததுபோல் ஒரு சிறு வெட்டு இருக்கும். அமெரிக்க நாணயங்களின் எழுத்துகளுக்கு முனையில் சிறு கால்கள் இருப்பதால் அங்கே அந்தப் பிளவு எடுப்பாகத் தெரியும். நம் நாணயங்களில் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் பொறித்த எழுத்துகளுக்குப் பெரும்பாலும் அத்தகைய கால்கள் இல்லை. எனவே கோடு முடியும் மூலைகளையும், தேவநாகரி எழுத்துகளின் தலைக்கோட்டு முனைகளையும், ஆண்டு இலக்கங்களின் வளைவுகளையும் பார்க்க வேண்டும். தலைக்கோட்டின் முனை இரண்டாகப் பிளந்து, இரண்டு பிளவுகளும் உருண்டு திரண்டு நின்றால் அதைக் கவனமாக மேலும் ஆராயலாம். தலைக்கோட்டின் மேலேயோ கீழேயோ ஒரு நீண்ட தட்டைப் படி மட்டும் இருந்தால் அது வழுக்கலே.

உருண்டு திரண்டது, தட்டையானது என்ற வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டுவது வெளிச்சம். ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, நாணயத்தை விரல்களுக்கிடையே பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். வழுக்கலால் உண்டான படி, அமுக்கித் தேய்க்கப்பட்ட பரப்பு என்பதால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கண்ணாடித் துண்டுபோலப் பளிச்சென்று மின்னும். உண்மையான இரட்டிப்பின் இரண்டாவது மேடு அப்படி மின்னுவதில்லை. முதல் மேட்டின் ஓரங்கள் எப்படிச் சரிந்து வளைகின்றனவோ அப்படியே அதன் ஓரங்களும் வளையும், மேற்பரப்பின் தன்மையும் ஒத்திருக்கும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் ஒவ்வொரு கீறலும் அதிசயமாகத் தோன்றத் தொடங்கிவிடும். கைப்பேசிப் படத்தை வைத்து முடிவு செய்வதும் சரியன்று. வீட்டில் இரண்டு குழல் விளக்குகள் எரிந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு நிழல்கள் விழும். அதன் மேல் படத்தைக் கூர்மையாக்கும் கைப்பேசியின் மென்பொருளும் தன் பங்குக்கு விளிம்புகளைத் தடிக்கச் செய்யும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாணயக் கண்காட்சி ஒன்றில், இரட்டிப்பு நாணயம் என்ற நம்பிக்கையில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை 800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து இரட்டித்திருந்தன. அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் நம்பினேன். வீட்டுக்கு வந்து சாதாரண நாணயம் ஒன்றின் அருகே வைத்துப் பார்த்தபோது, எழுத்துகள் ஒவ்வொன்றும் மெலிந்திருப்பதும், நிழல்கள் அனைத்தும் தளத்தை ஒட்டிப் படுத்திருப்பதும் தெரிந்தன. இரட்டிப்பு தெளிவாக இருப்பது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். மிகப் பெரிய, மிக எடுப்பான வழுக்கல்களும் உண்டு; உண்மையான இரட்டிப்புகளில் பல, லென்ஸ் இல்லாமல் புலப்படாத அளவுக்கு நுண்ணியவை.

உண்மையான இரட்டிப்பு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க, உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டு பிலடெல்பியா நாணயச்சாலையில், லிங்கன் உருவம் பொறித்த ஒரு சென்ட் நாணயத்தின் முக அச்சு ஒன்று இரண்டாவது அழுத்தின்போது சற்றே சுழன்று அமர்ந்துவிட்டது. ஆண்டு எண்ணும் முகப்பிலுள்ள எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும் அளவுக்கு விலகின. அச்சு நாணயத்தின் நடுவை அச்சாணியாகக் கொண்டு சுழன்றதால், விளிம்பை ஒட்டிய எழுத்துகள் பெரிதும் விலகியிருக்க, நடுவிலுள்ள லிங்கன் முகத்தில் இரட்டிப்பு ஏறக்குறையத் தெரியாது. தவறு கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த நாணயங்களில் ஒரு பகுதி மற்ற நாணயங்களோடு கலந்துவிட்டிருந்தது. 20,000க்கு மேற்பட்டவை புழக்கத்துக்குச் சென்றதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பல, அந்நாளில் தானியங்கிப் பெட்டிகளில் விற்ற சிகரெட் பாக்கெட்டுகளின் உறைக்குள் மீதிச் சில்லறையாக வைக்கப்பட்டு மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இந்த நாணயத்தின் நல்ல படம் ஒன்றை எடுத்து, ஆண்டு இலக்கங்கள் இரண்டும் ஒரே உயரத்தில், இரண்டும் முழு உருவத்தோடு நிற்பதைச் சில நிமிடம் நிதானமாகப் பார்த்தால், பிறகு தட்டைப் படியைக் கண்டு ஏமாறுவது குறையும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கொண்டுவரும் சென்ட் நாணயங்கள் சேலத்தில் பல வீடுகளில் டப்பாக்களில் கிடப்பதால், அவற்றுக்கான ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் அடித்த நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே ‘எஸ்’ என்ற சிறு குறி இருக்கும். 1980களின் இறுதிவரை புழக்க நாணயங்களுக்கான அச்சுகளில் இந்தக் குறி ஹப்பிலிருந்து வருவதில்லை. அச்சு முழுதாக உருவான பிறகு, தனி உளியால் கையால் தட்டிப் பதிப்பார்கள். ஆகவே ஹப் விலகியதால் உண்டான இரட்டிப்பு எழுத்துகளில் இருக்குமே தவிர, குறியில் இருக்காது. 1969ஆம் ஆண்டின் ‘எஸ்’ குறி கொண்ட சென்ட்டில் புகழ்பெற்ற, மிக அரிய அச்சு இரட்டிப்பு ஒன்று உண்டு. அதே ஆண்டு, அதே குறியுடைய நாணயங்களில் இயந்திர இரட்டிப்பும் ஏராளம். எழுத்துகளோடு குறியும் ஒரே திசையில் இரட்டித்திருந்தால், அடிக்கும் கணத்தில் எல்லாமே சேர்ந்து வழுக்கியிருக்கின்றன என்று பொருள். இந்த விதி குறியைத் தனியே தட்டிய அந்தக் காலத்து நாணயங்களுக்கு மட்டுமே பொருந்தும். பிற்காலத்து நாணயங்களுக்கோ நம் நாட்டு நாணயங்களுக்கோ அப்படியே எடுத்துவந்து பொருத்தக் கூடாது.

நம் நாணயங்களுக்கு மிகவும் உதவும் சோதனை இரண்டாவது நாணயத்தைத் தேடுவது. ஆண்டு எண்ணுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்று நாணயச்சாலையை அறியலாம். அதே ஆண்டு, அதே சாலை, அதே வகை நாணயங்களை முடிந்த அளவு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் அச்சு பல ஆயிரக்கணக்கான நாணயங்களை அடிக்கிறது. ஆகவே இரட்டிப்பு அச்சில் இருந்தால் அதே இரட்டிப்போடு உடன்பிறப்புகள் எங்காவது இருந்தே தீரும். அச்சில் இருந்த நுண்ணிய கீறலும் வெடிப்பும்கூட அவற்றில் அதே இடத்தில் மேட்டுக் கோடாகத் தெரியும். இரண்டு நாணயங்கள் எல்லா வகையிலும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடுகிறது. ஒவ்வொன்றிலும் நிழல் வெவ்வேறு அகலத்தில் விழுந்திருந்தால் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிடலாம். சில்லறையை மொத்தமாகக் கையாளும் கடைக்காரர் ஒருவர் பழக்கமாக இருப்பது இதற்குப் பெரும் உதவி.

இந்த இரண்டிலும் சேராத போலித் தோற்றங்களும் சில உண்டு. நெடுநாள் உழைத்த அச்சின் ஓரங்கள் தேயும்போது எழுத்துகளைச் சுற்றிப் புகைபோன்ற ஒரு தடிப்பு பரவும். எழுத்து கூடுவதால் இதை அச்சு இரட்டிப்பு என்று எண்ணத் தோன்றும், ஆனால் அங்கே தெளிவான இரண்டாவது விளிம்போ முனைப் பிளவோ இருக்காது. அதே 1955 சென்ட்டில் கடைசி இலக்கம் மட்டும் இப்படித் தடித்த நாணயங்களை ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று பெயரிட்டு விற்றார்கள். அவை தேய்ந்த அச்சின் விளைவு மட்டுமே. 1982 முதல் அமெரிக்க சென்ட்டுகள் துத்தநாகத்தின் மீது செம்பு முலாம் பூசி வந்ததால், எழுத்தோரத்தில் முலாம் கிழிந்து சாம்பல் நிறக் கோடு தெரிவதும் உண்டு. அதையும் இரட்டிப்பாகக் கொள்ளலாகாது.

தொழில்நுட்பம் மாறியதால் உண்மையான இரட்டிப்பின் முகமும் மாறியிருக்கிறது. அமெரிக்க நாணயச்சாலை 1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தில் அச்சை முடிக்கும் முறைக்கு மாறியது. இரண்டாவது முறை அழுத்துவதே இல்லையென்றால் இரட்டிப்புக்கு இடமில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அழுத்தத்தின் தொடக்கத்தில் எஃகுத் துண்டு சற்றே சாய்ந்திருந்து, பிறகு நேராகி அமர்ந்தால், அதற்குள் நடுப்பகுதி ஒரு முறை பதிந்துவிடுகிறது. ஆகவே இக்கால இரட்டிப்புகள் பெரும்பாலும் நாணயத்தின் நடுவில் ஒதுங்கி, சிறியவையாக இருக்கின்றன. மரக்கட்டையில் அமர்ந்து லிங்கன் புத்தகம் படிக்கும் 2009ஆம் ஆண்டு சென்ட்டுகளில், அவர் கையில் கூடுதலாக ஒரு விரல் முளைத்ததுபோல் தோன்றும் பல வகைகள் கண்டறியப்பட்டுள்ளன.

நம் ஊருக்கும் இந்தப் பொருளுக்கும் ஓர் உறவு உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலிருந்து நாணய வில்லைகளை வெட்டி எடுக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. நம் கையில் புரளும் எஃகு நாணயத்தின் உலோகம் இங்கிருந்து போனதாகவே இருக்கலாம். ஆனால் வெற்று வில்லையில் எழுத்தே இல்லாததால், அதன் தடிப்பிலோ எடையிலோ வெட்டிலோ ஏற்படும் எந்தக் குறையும் அச்சு இரட்டிப்பை உண்டாக்காது. வில்லையின் குறை, அச்சின் குறை, அடிக்கும் கணத்தின் குறை என்று மூன்றையும் மனத்தில் தனித்தனியே வைத்துக்கொண்டால், எந்த விசித்திரமான நாணயத்தையும் எங்கிருந்து ஆராயத் தொடங்குவது என்பது தெளிவாகும்.

ஐயமான நாணயம் கிடைத்தால் அதைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கக் கூடாது. வெண்கலப் பாத்திரத்துக்குப் பொருந்தும் அந்த வழக்கம், நாம் பார்க்க வேண்டிய நுண்ணிய விளிம்புகளையே அழித்துவிடும். பழைய நாணயத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்கூட்டியே கட்டணமோ வரியோ கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அப்படிக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். நாணயத்தைச் சிறு காகித உறையில் இட்டு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எந்த எழுத்து, எந்தப் பக்கம், தட்டையா உருண்டதா என்று உறையின் மேல் எழுதி வையுங்கள். அதே ஆண்டின் இரண்டாவது நாணயம் கைக்கு வரும் நாளில் அந்தக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் திருப்பிப் பாருங்கள்.